ஓக் மரத்தரையில் கறை: துடைப்பதா, வெளுப்பதா, சாண்டிங் போடுவதா, பலகையை மாற்றுவதா?

டொராண்டோ பக்கம் பழைய வீடு வாங்குபவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. ஸ்கார்பரோவில் 1950களிலும் 60களிலும் கட்டிய ஒற்றைத்தள வீடுகளில் பழைய கார்ப்பெட்டை உரித்தால், பெரும்பாலும் அடியில் சிவப்பு ஓக் தரை இருக்கும். இரண்டேகால் அங்குல அகலத்தில் நீளநீளமான பட்டைகள். பார்த்ததும் சந்தோஷம்தான். ஆனால் ஜன்னலோரம் பூந்தொட்டி இருந்த இடத்தில் கறுப்பு வளையம், மூலையில் நாய் ஈரம் செய்து செய்து கருகியதுபோல் ஒரு திட்டு, சுவரை ஒட்டிச் சுற்றிலும் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். இதை என்ன செய்வது?

ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வீடியோ பார்த்தவர் வினிகரும் பேக்கிங் சோடாவும் என்பார். காண்ட்ராக்டர் மொத்தத் தரைக்கும் சாண்டிங் போட்டுவிடலாம், அதாவது மெஷினில் உப்புத்தாள் மாட்டி மேல்மரத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம் என்பார். மாமா ஒருவர் மேலே கம்பளம் விரித்துவிடச் சொல்வார். சில வீடுகளில் சில கறைகளுக்கு இவற்றில் ஒன்று சரியாகவே இருக்கும். எது எங்கே சரி என்பதுதான் கேள்வி.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரண்டி எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் மரத்தைத் தொடாத வழியில் ஆரம்பித்து, அது தோற்றால் மட்டும் அடுத்த படிக்குப் போவது நல்லது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் வருகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கறை எந்த ஆழத்தில் இருக்கிறது. இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வெள்ளையாக மங்கலான வளையம் என்றால் ஈரம் மேல்பூச்சுக்குள் சிக்கியிருக்கிறது, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்போ கருஞ்சாம்பலோ என்றால் பூச்சைத் தாண்டி மரத்துக்குள் இறங்கிவிட்டது. ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறைய. அதோடு ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துவிடும். கலம்காரியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே வேதியியல்தான்: துணியைக் கடுக்காயில் நனைத்துக் காயவைத்து, இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய நீரைத் தொட்டு எழுதுவார்கள், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த இடம் கறுக்கும். துவைத்தாலும் அந்தக் கோடு போகாது. தரையில் விழுந்த கறுப்பும் அப்படித்தான், சோப்புத் தண்ணீருக்கெல்லாம் அசையாது.

சுவரோரம் வரிசையாக இருக்கும் புள்ளிகளுக்கும் காரணம் இதுவே. கார்ப்பெட்டை இழுத்துப் பிடிக்க ஓரத்தில் அடித்த ஆணிப்பட்டியின் ஆணிகள் வருடக்கணக்கில் ஈரம் பட்டுத் துருப்பிடித்து, ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் ஒரு கறுப்புப் பொட்டு வைத்திருக்கும்.

மரம் எவ்வளவு மிச்சம். வெப்பக் காற்று வரும் தரைத் துவாரத்தின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். பலகையின் வெட்டுமுகம் அங்கே அப்படியே தெரியும். முழுக்க ஒரே மரமாக முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. இருந்தால் கெட்டி மரம். மேலே மெல்லியதாக ஓர் அடுக்கும் கீழே ஒட்டுப்பலகை அடுக்குகளும் தெரிந்தால் எஞ்சினியர்ட் வகை. பலகையின் பக்கவாட்டில் ஒன்றோடொன்று கோக்கும் நாக்கும் காடியும் இருக்கும். கெட்டி மரத்தில் அந்த நாக்குக்கு மேலே உள்ள சுமார் 6 மி.மீ. மட்டுமே நமக்குப் பயன்படும் மரம். ஏற்கெனவே சாண்டிங் போட்ட வீட்டில் அதுவும் குறைந்திருக்கும். எஞ்சினியர்ட் பலகையின் மேலடுக்கு 2 மி.மீ.க்குக் கீழே என்றால் சாண்டிங் பற்றி யோசிக்கவே வேண்டாம். காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகளில் பல இடங்களில் இருப்பது லேமினேட். மரத்தின் படத்தை அச்சிட்டு ஒட்டியது அது, அதற்கு இந்தக் கட்டுரையில் முதல் வழி மட்டும்தான் பொருந்தும்.

ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்குத் தெரியுமா. கறையை எடுக்கிறேன் என்று போய் அதைவிடப் பளிச்சென்று வெளுத்த வட்டம் ஒன்றை உண்டாக்கிவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. பலரும் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

வீடு எத்தனை நாள் முடங்கும், வீட்டில் யார் இருக்கிறார்கள். தவழும் குழந்தை, ஆஸ்துமா உள்ள பெரியவர், ஜன்னல் திறக்க முடியாத ஜனவரி மாதம், இவையெல்லாம் பணத்துக்கு இணையான செலவுகள்.

| பார்வைக்கு எப்படி | எங்கே இருக்கிறது | முதலில் முயல வேண்டியது |
|---|---|---|
| வெள்ளை மங்கல், வளையம் | மேல்பூச்சு | காயவிடுதல், மெல்லிய சூடு |
| மஞ்சள், குழம்புக் கறை | பெரும்பாலும் மேல்பூச்சு | துடைத்தல், அப்புறம் வெயில் |
| விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் சிந்திய கருமை | பூச்சு தேய்ந்த மரம் | மினரல் ஸ்பிரிட் (பெயின்ட் கரைக்கும் திரவம்) |
| தொட்டி வளையம், ஆணிப் பொட்டு | மரம் | ஆக்சாலிக் அமிலம் |
| நாய், பூனை ஈரத் திட்டு | மரம், சில நேரம் அடிப்பலகை வரை | பெராக்சைடு, இல்லையேல் பலகை மாற்றம் |

## மேலோடு துடைத்து எடுப்பது

செலவு இல்லை, ஆபத்து குறைவு, மரம் தேயாது. மேல்பூச்சோடு நின்றுவிட்ட கறைகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

வெள்ளை வளையத்தை முதலில் சில நாள் சும்மா விட்டுப் பாருங்கள். தானே காய்ந்து மறைவதும் உண்டு. மறையாவிட்டால் பருத்தித் துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், சில நொடிகள் வைத்து எடுத்துப் பார்க்கலாம். அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக் பூச்சு உள்ள பழைய தரைகளில் இது நன்றாகவே கேட்கும். இப்போதைய பாலியூரிதேன் பூச்சில் கேட்டாலும் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். எந்தப் பூச்சு என்று தெரியவில்லையா? அலமாரிக்குள் மறைவான மூலையில் ஒரு துளி ஆல்கஹால் விடுங்கள். பிசுபிசுத்து இளகினால் ஷெல்லாக்.

மஞ்சள் கறை நம் வீடுகளில் தவிர்க்க முடியாதது. மஞ்சளில் நிறம் தருகிற குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயோடுதான் போகும். ஆகவே முதலில் எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுக்க வேண்டும். பேக்கிங் சோடாவைப் போட்டுத் தேய்க்காதீர்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும், மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எஞ்சியிருக்கும் லேசான மஞ்சளை வெயிலே எடுத்துவிடும், குர்குமின் ஒளியில் சிதையும். ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் பொறுத்திருங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு, ஆர்வத்தில் செய்யும் கூடுதல் வேலைகளால் வருவது. வினிகர் கலந்த தண்ணீரால் திரும்பத் திரும்பத் துடைத்தால் பூச்சின் பளபளப்பு மங்கும். நீராவி மாப் ஈரத்தைச் சூட்டோடு பலகை இடுக்குகளில் ஏற்றும். பளபளப்புக்காக ஊற்றித் துடைக்கும் சில திரவங்கள் மேலே ஒரு படலத்தை விட்டுவிடும். பின்னாளில் புதுப் பூச்சு போடும்போது அது ஒட்டாமல் உரிவதற்கு இந்தப் படலமே காரணமாகும்.

## ஹைட்ரஜன் பெராக்சைடு

மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலே போதும். துணியை நனைத்துக் கறைமேல் போட்டு, காய்ந்துவிடாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி, சில மணி நேரம் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் மறுபடியும். நாய், பூனை ஈரம், பானங்கள், உணவு போன்ற கரிமக் கறைகளுக்கு ஏற்றது. பின்னால் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடுவதால் தரையில் நஞ்சு எதுவும் தங்காது. குழந்தை உள்ள வீட்டில் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இது கறையை மட்டும் வெளுக்காது, மரத்தின் நிறத்தையும் சேர்த்து வெளுக்கும். சிவப்பு ஓக்கின் இளஞ்சிவப்புச் சாயல் போய் வைக்கோல் நிறம் ஆகிவிடலாம். அதிகச் செறிவுள்ளதை வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் பெரிதாக வரும், கையும் வெந்துபோகும்.

நாய் ஈரத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நிறம் போனாலும் வாடை போகாது. மழை நாளில், கோடையின் புழுக்கத்தில் மறுபடி கிளம்பும். அதற்கென்று விற்கும் நொதி கலந்த திரவம் தனியாக வேண்டும். ஈரம் இடுக்குகள் வழியாக அடிப்பலகைக்குப் போயிருந்தால் அதுவும் பயன் தராது.

குளோரின் பிளீச்சை இங்கே கொண்டு வராதீர்கள். சிறுநீரில் அம்மோனியா உண்டு. குளோரின் பிளீச் அதோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். வினிகரோடு சேர்ந்தாலும் அப்படியே.

## ஆக்சாலிக் அமிலம்

தொட்டி வளையத்துக்கும் ஆணிப் பொட்டுக்கும் இதைப்போல ஒன்று இல்லை. கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கக் காரணமான படிகங்களும் இதே அமிலத்தின் உப்புதான். அமிலத்தை வெள்ளைத் தூளாக, மரம் வெளுக்கும் மருந்து என்று ஹார்டுவேர் கடைகளில் விற்கிறார்கள். இரும்போடு சேர்ந்து அதைத் தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றிவிடுவதுதான் இதன் வேலை. பெராக்சைடைப்போல மரத்தின் சொந்த நிறத்தைப் பெரிதாகத் தொடாது. இரும்பால் வந்த கறுப்பை மட்டும் குறிவைத்துப் போகும்.

செய்யும் முறையில் அவசரம் கூடாது. மேல்பூச்சு முழுவதும் போய் வெறும் மரம் தெரிந்தால்தான் அமிலம் உள்ளே இறங்கும். பிளாஸ்டிக் வாளியில் சுடுதண்ணீர், அதில் இனி கரையாது என்னும் வரை தூள். உலோகப் பாத்திரம் கூடாது. நைலான் பிரஷ்ஷால் தடவிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கறுப்பு முதலில் ஊதாச் சாம்பலாகி, அப்புறம் ஓரங்களிலிருந்து உள்நோக்கிச் சுருங்கி, மரத்தின் ரேகை மெல்ல வெளியே வரும். இரும்புக் கறைதானா என்ற சந்தேகத்துக்கும் இதுவே பதில். இரண்டாவது முறை தடவியும் துளி மாற்றம் இல்லை என்றால் அது வேறு கறை, நிறுத்திவிடலாம்.

கறையைச் சுற்றி வட்டமாகத் தடவக் கூடாது. வட்டம் எப்போதும் கண்ணில் படும். கறை தொட்ட ஒவ்வொரு பலகையையும் அதன் இரண்டு முனை வரை முழுசாகச் செய்ய வேண்டும். பக்கத்துப் பலகையை டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள். ஓக்கில் பலகைக்குப் பலகை நிறம் மாறுவது இயல்பு என்பதால் ஒரு முழுப் பலகை கொஞ்சம் வெளிறியிருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இதில் மூன்று. முதலாவது நஞ்சு. தூளோ ஆவியோ மூக்கில் ஏறக் கூடாது, விழுங்கினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம், குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் அந்த அறைக்கு வரக் கூடாது. இரண்டாவது, கழுவும் வேலை. தண்ணீரால் பலமுறை துடைத்தெடுக்காவிட்டால் காய்ந்ததும் படிகமாகத் தங்கிவிடும், பிறகு உப்புத்தாள் போடும்போது அந்தத் தூள் காற்றில் பறந்து தொண்டையைப் பிடுங்கும், புதுப் பூச்சும் சரியாக ஒட்டாது. மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: பூச்சு எடுத்த இடத்துக்குப் புதுப் பூச்சு வேண்டும். பழைய எண்ணெய்ப் பாலியூரிதேன் வருடங்களில் பழுப்பேறித் தேன் நிறமாகியிருக்கும், அதன் நடுவில் புதிய பூச்சு வெளிறித் தெரியும். சில டாலர் தூளில் முடியும் என்று ஆரம்பித்த வேலை, கடைசியில் அறை முழுவதற்கும் பூச்சு என்று போய் நிற்பது இதனால்தான்.

## தரை முழுவதும் சாண்டிங்

நான் சொன்ன விதிவிலக்கு இங்கே வருகிறது. கார்ப்பெட்டை இப்போதுதான் உரித்திருக்கிறீர்கள், இன்னும் குடிவரவில்லை, அறை முழுக்கப் பூச்சு தேய்ந்து கிடக்கிறது, கெட்டி மரம் போதுமான அளவு மிச்சமிருக்கிறது. அப்படியென்றால் படிப்படியாகப் போக வேண்டாம். நேராகச் சாண்டிங் போட்டுவிடுங்கள். சாமான்கள் உள்ளே வந்த பிறகு இதே வேலையைச் செய்வது இரண்டு மடங்கு அலைச்சல்.

ஆனால் சாண்டிங் ஒன்றே கறையை எடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஒருமுறை போட்டால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மரமே போகும். தொட்டியடிக் கறுப்பு அதைவிட ஆழமாக இறங்கியிருப்பது சகஜம். கறை போகும்வரை அந்த இடத்தில் மட்டும் மெஷினை நிறுத்தித் தேய்த்தால் தரையில் பள்ளம் விழும், பூச்சு போட்டதும் வெளிச்சத்தில் அலையாகத் தெரியும். சரியான வரிசை இது: முழுத் தரைக்கும் சாண்டிங், மிஞ்சிய கறுப்புக்கு ஆக்சாலிக், கழுவி ஓரிரு நாள் நன்றாகக் காயவிடுதல், எழும்பிய மரநாரைத் தட்ட மெல்லிய உப்புத்தாள், அதற்குமேல் பூச்சு. காண்ட்ராக்டரிடம் பேசும்போது, சாண்டிங்குக்குப் பிறகு கறை தெரிந்தால் என்ன செய்வீர்கள், அது இந்த விலைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடர் நிறம் ஏற்றி மறைத்துவிடலாம் என்பதுதான் பதில் என்றால், வெளிர் நிறத் தரை உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை என்று பொருள்.

மெஷினை வாடகைக்கு எடுத்துத் தாங்களே செய்பவர்களும் உண்டு. உருளை வைத்த பெரிய மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு நொடி நின்றாலும் அந்த இடத்தில் பள்ளம். முன்பின் பழகாதவர்கள் வரவேற்பறையில் ஆரம்பிக்காமல் அலமாரிக்குள் கைப்பழக்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

பூச்சில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதும் இந்தச் செலவோடு சேர்ந்ததே. தண்ணீர் அடிப்படையிலான பாலியூரிதேன் சில மணி நேரத்தில் காயும், வாடை குறைவு, நிறம் மாறாமல் வெளிர்ந்தே இருக்கும், முழு இறுக்கம் பெற ஒரு வாரம்போல ஆகும். எண்ணெய் வகை மலிவு, மரத்துக்குத் தேன் நிறம் தரும். ஆனால் ஒவ்வொரு தடவை பூசுவதற்கும் ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும், வாடை பல நாள் இருக்கும், முழுமையாக இறுக ஒரு மாதம் வரை ஆகலாம். அதுவரை கம்பளம் விரிக்கக் கூடாது. குளிர்காலத்தில் எண்ணெய் வகை வேண்டாம் என்பது என் கருத்து.

சில எச்சரிக்கைகள். எண்ணெய்ப் பூச்சு தொட்ட துணிகளைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். சாண்டிங் தூளையும் இரவு முழுக்க வீட்டுக்குள் மெஷின் பையில் விட்டுவைக்காதீர்கள். 1960க்கு முன் கட்டிய வீட்டில் தரைக்கோ ஓரச் சட்டத்துக்கோ பெயின்ட் அடித்திருந்தால், ஈயம் இருக்கிறதா என்று சோதித்த பிறகே மெஷினை உள்ளே கொண்டு வர வேண்டும்.

## பலகையை மாற்றுவது

அதிகம் பேசப்படாத வழி, ஆனால் நாய் ஈரம் ஊறிய தரைக்கு எனக்குப் பிடித்தது இதுதான். கெட்டுப்போன நாலைந்து பலகைகளுக்காக அறை முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் தேய்ப்பதைவிட, அந்த நாலைந்தை மட்டும் எடுத்துவிடுவது மரத்துக்குச் செய்யும் மரியாதை. வாடையும் பலகையோடு வெளியே போய்விடும். அடிப்பலகையைப் பார்க்கவும் மூடவும் வழி கிடைக்கும்.

தச்சர் பலகையின் நடுவே நீளவாக்கில் இரண்டு கோடு அறுத்து, நடுத்துண்டை உளியால் நெம்பி எடுப்பார். பிறகு இரண்டு பக்கத் துண்டுகளும் பக்கத்துப் பலகையின் காடிக்குச் சேதமில்லாமல் வெளியே வரும். புதுப் பலகையின் காடியில் கீழ் உதட்டைச் செதுக்கிவிட்டு, பசை வைத்து மேலிருந்து தட்டி இறக்குவார். மேல் காடி உதடு பக்கத்து நாக்கின்மேல் உட்கார்ந்ததும் ஒட்டு தெரியாது. கை தேர்ந்தவருக்கு அரைநாள் வேலை.

பிரச்சினை நிறத்தில். புதிய ஓக், அறுபது வருடம் வெளிச்சம் பார்த்த ஓக்கோடு சேராது. அதனால் கடைப் பலகைக்குப் போகும் முன் அதே வீட்டின் அலமாரித் தரையைப் பாருங்கள். அதே காலத்தில், அதே அகலத்தில் வாங்கிப் போட்ட பலகைகள் அங்கே பெரும்பாலும் கிடைக்கும். அவற்றை எடுத்து வரவேற்பறையில் போட்டு, புதிய பலகையை அலமாரிக்குள் போட்டுவிடலாம். சிவப்பு ஓக் இரண்டேகால் அங்குலம் இன்றும் தாராளமாக விற்கும் அளவு என்பதால் அலமாரிக்கு மரம் தேடி அலைய வேண்டியதில்லை.

கறை இருபது முப்பது பலகைகளில் சிதறிக் கிடந்தால் இந்த வழி கட்டுப்படியாகாது.

## மறைப்பது, விட்டுவிடுவது

அடர் பழுப்பு நிறம் ஏற்றினால் கறுப்புத் திட்டுகள் அதில் கரைந்துபோகும். ஆனால் அறை இருளும், ஒவ்வொரு தூசியும் கீறலும் தெரியும். கம்பளம் மலிவு. காய்ந்துபோன பழைய தண்ணீர்க் கறை தானாக வளராது, அதன்மேல் கம்பளம் போட்டால் ஒரு தீங்கும் இல்லை. நாய் ஈரத்தின்மேல் மட்டும் போடாதீர்கள், வாடை கம்பளத்திலும் ஏறிவிடும். கறை இன்னும் பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்றாலும் போடக் கூடாது, எங்கோ குழாயோ ரேடியேட்டரோ கசிகிறது என்று அர்த்தம், அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

## வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

உங்களுக்குத் துடைப்பதும் கம்பளமும்தான் வழிகள். அமிலமோ உப்புத்தாளோ வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேண்டாம். சிறு கறையை எடுக்கப்போய் வெளுத்த திட்டு உண்டானால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சேதத்துக்கென்று முன்பணம் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை, வாடகை முன்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டுமே வாங்கலாம். ஆனால் கவனக்குறைவால் வந்த சேதத்துக்கு வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போய் ஈடு கேட்க முடியும். குடிவரும் அன்றே தரையைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, அதே நாளில் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பூந்தொட்டிக்குக் கீழே தட்டு மட்டும் போதாது, தட்டுக்கும் தரைக்கும் நடுவே காற்று போக இடம் விடும் கால் வைத்த தாங்கி வேண்டும். மண்தட்டு ஈரத்தைக் கசியவிடும், அடியில் வாரக்கணக்கில் தேங்கும் அந்த ஈரம்தான் கறுப்பு வளையம் போடும்.